மேசை எப்படிப் பெண்பால் ஆனது? ஸ்பானிஷின் எல், லா, லோஸ், லாஸ்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது, ஆப்பில் தினமும் பச்சை டிக் விழுகிறது, ஆனாலும் எந்தச் சொல்லுக்கு முன்னால் எல் வரும், எதற்கு லா வரும் என்று பிடிபடவில்லை, மேசை ஏன் பெண், புத்தகம் ஏன் ஆண், தண்ணீர் பெண்பால் என்று சொல்லிவிட்டு எல் ஆக்வா என்று ஏன் எழுதுகிறார்கள், பன்மையில் என்ன ஆகும், இதற்கெல்லாம் விதி இருக்கிறதா இல்லை மொத்தமும் மனப்பாடம்தானா?

விதியும் உண்டு, மனப்பாடமும் உண்டு. எது எவ்வளவு என்று சொல்கிறேன். நான் கற்றுக்கொண்டது பாதி சென்னையில் மாலை வகுப்பில், மீதி வேலை விஷயமாக லீமாவில் இருந்த ஒன்றரை வருடத்தில். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், ஒலி ஏறக்குறையத்தான் வரும், எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் இந்த நான்கு சொல்லையும் நீங்கள் பல வருடமாகச் செய்தியில் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மழைச் செய்தியில் எல் நினோ, லா நினா வருகிறதே, அதில் எல் என்பது ஆண்பால் ஒருமை, லா பெண்பால் ஒருமை. நினோ என்று நாம் எழுதினாலும் அங்கே இருப்பது நம்முடைய ஞ ஒலிதான், நீஞோ என்று சொன்னால் அப்படியே பொருந்தும். எல் நீஞோ என்றால் சிறுவன். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் நீர் சூடாவதைப் பார்த்து குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர். அதற்கு எதிர்மாறான குளிர்ச்சிக்குப் பிற்பாடு லா நீஞா, அதாவது சிறுமி, என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகாஸ். தமிழில் இரண்டையும் லாஸ் என்றே எழுதுகிறோம், ஆனால் முதலாவது லோஸ் ஆன்ஹெலெஸ், தேவதூதர்கள், ஆண்பால் பன்மை. இரண்டாவதுதான் நிஜமான லாஸ், வேகா என்றால் பசும்புல்வெளி, பெண்பால், பன்மையில் லாஸ் வேகாஸ். ஆக எல், லா, லோஸ், லாஸ் நான்கும் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் the என்ற ஒரே ஒரு சொல்லால் முடிகிற வேலையை இங்கே நாலு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இந்தச் சொற்களுக்கு ஆர்ட்டிக்கிள் என்று பெயர்.

இப்போது மேசை விஷயத்துக்கு வருவோம். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மனிதர் என்றால் உயர்திணை, அதில் ஆண், பெண், பலர், மற்றதெல்லாம் அஃறிணை. மேசைக்கு மீசையும் இல்லை கொண்டையும் இல்லை, அது அஃறிணை, விஷயம் முடிந்தது. இந்தப் பழக்கத்தோடு ஸ்பானிஷுக்குள் போனால் லா மேசா என்று கேட்டதும் மேசையிடம் என்ன பெண்மை என்று மூளை தேட ஆரம்பிக்கும். தேடாதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை. ஸ்பானிஷில் பால் சொல்லுக்குத்தான், பொருளுக்கு இல்லை. ஒரே ஒரு உதாரணம் போதும். கம்ப்யூட்டருக்கு ஸ்பெயினில் எல் ஓர்தெனாதோர், ஆண்பால். மெக்சிகோவில் அதே பெட்டி லா கோம்ப்புத்தாதோரா, பெண்பால். கொலம்பியாவிலும் சிலேயிலும் எல் கோம்ப்புத்தாதோர், மறுபடி ஆண். பெட்டி மாறவில்லை, சொல் மாறியது, பாலும் மாறியது. முகத்துக்கு லா காரா என்றும் சொல்லலாம், எல் ரோஸ்த்ரோ என்றும் சொல்லலாம். ஒரே ஆளின் ஒரே முகம்.

இந்தி படித்தவர்களுக்கு இது புதிதில்லை, ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது: புத்தகம் என்பதற்கு கிதாப் அங்கே பெண்பால், லீப்ரோ இங்கே ஆண்பால். சமஸ்கிருதத்தில் மனைவி என்ற ஒரே பொருளுக்கு தார என்ற சொல் ஆண்பால், பார்யா பெண்பால், களத்ர இரண்டும் இல்லாத நபும்சகம் என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். குழந்தை அழுகிறது என்கிறோம். குழந்தை என்ன அஃறிணையா? அங்கே நாமும் பொருளை விட்டுவிட்டு சொல்லின் பின்னால்தான் போகிறோம். ஸ்பானிஷில் லா பெர்சோனா என்பது ஆள், லா விக்திமா என்பது பாதிக்கப்பட்டவர். அந்த ஆள் ஆறடி உயர ஆணாக இருந்தாலும் சொல் பெண்பால்தான், அதோடு வரும் பெயரடையும் பெண்பால்தான். குழந்தை அழுகிறது என்று கூச்சமில்லாமல் சொல்கிறவருக்கு இது கஷ்டமே இல்லை.

தமிழ் பேசுகிறவர் கவனிக்க வேண்டிய நிஜமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பாலை வினையின் வாலில் கட்டுகிறோம்: வந்தான், வந்தாள், வந்தது. ஸ்பானிஷில் இந்த மூன்றுக்கும் வீனோ என்ற ஒரே சொல்தான், யார் வந்தது என்று வினை சொல்லாது. பதிலுக்கு அவர்கள் பாலைப் பெயர்ச்சொல்லின் தலையிலும், பெயரடையின் வாலிலும் கட்டுகிறார்கள். சிவப்புப் புத்தகம், சிவப்புப் பூக்கள் என்று நாம் சிவப்பைத் தொடாமல் விட்டுவிடுவோம். அங்கே எல் லீப்ரோ ரோஹோ, லா ஃப்ளோர் ரோஹா, லோஸ் லீப்ரோஸ் ரோஹோஸ், லாஸ் ஃப்ளோரெஸ் ரோஹாஸ். காசா ப்ளாங்கா என்ற நகரப் பெயரில் இருப்பதும் இதுதான்: காசா, வீடு, பெண்பால், அதனால் வெள்ளையும் ப்ளாங்கோ இல்லை ப்ளாங்கா. அவள் வந்தான் என்று யாராவது எழுதினால் உங்கள் காது எப்படித் திடுக்கிடுமோ, எல் காசா என்று சொன்னால் அவர்கள் காது அப்படித்தான் திடுக்கிடும்.

அதனால் என் முதல் அறிவுரை, ஒன்றே ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்: மேசா என்று படிக்காதீர்கள், லாமேசா என்று ஒரே சொல்லாகப் படியுங்கள். நோட்டில் எழுதும்போது தனியாகப் பெயர்ச்சொல்லை எழுதவே கூடாது. நான் முதல் மூன்று மாதம் சொல்லை ஒரு பத்தியிலும் பாலை இன்னொரு பத்தியில் ஆ, பெ என்றும் எழுதி வைத்தேன். பேசும்போது சொல் ஞாபகம் வந்தது, அந்த ஒற்றை எழுத்து ஒருநாளும் ஞாபகம் வரவில்லை.

இதில் நமக்கு ஒரு சின்னச் சலுகையும் உண்டு. போர்த்துகீசியர் கடற்கரையில் விட்டுப்போன சொற்கள் இன்னும் நம் வீட்டில் கிடக்கின்றன, போர்த்துகீசியமும் ஸ்பானிஷும் கூடப்பிறந்தவை. மேசை, அங்கே மேசா. நாம் சீதா என்பதைச் சீதை ஆக்கிய மாதிரி மேசாவை மேசை ஆக்கிக்கொண்டோம், லா மேசா. சாவி அவர்களுடைய ஷாவே, ஸ்பானிஷில் லா யாவே. அலமாரி, எல் ஆர்மாரியோ. வாத்து, எல் பாத்தோ. இலங்கைத் தமிழில் செருப்பை விட்டுவிட்டு ஷூவுக்குச் சொல்லும் சப்பாத்து, எல் சாப்பாத்தோ. ஐந்து சொல்லுக்குப் பால் சும்மா கிடைத்துவிட்டது.

சரி, விதிகள். ஓ என்று முடிந்தால் ஆண்பால், ஆ என்று முடிந்தால் பெண்பால், இது உங்களுக்கே தெரிந்திருக்கும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இதை மீறுகிற ஓ-க்காரர்கள் கைவிட்டு எண்ணும் அளவுதான். லா மானோ, கை, இது லத்தீனிலேயே பெண்பால், ஈற்றைப் பார்த்து யாரும் மாற்றவில்லை. லா ஃபோத்தோ, லா மோத்தோ இரண்டும் வெட்டிச் சுருக்கிய சொற்கள். முழுப் பெயர் ஃபோத்தோக்ராஃபீயா, மோத்தோசிக்லேத்தா, முழுப் பெயரின் பால் சுருக்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது. வானொலி ஸ்பெயினில் லா ராதியோ, மெக்சிகோவில் எல் ராதியோ. வலது கை என்று சொல்லும்போது லா மானோ தெரேச்சா, கவனியுங்கள், பெயரடை சொல்லின் பாலைப் பார்த்து ஆ-வில் முடிகிறது, மானோவின் ஓ-வைப் பார்த்து இல்லை.

ஆ-வில் முடிந்தும் ஆண்பாலாக இருக்கிற கூட்டம் கொஞ்சம் பெரியது, ஆனால் அதில் பாதி ஒரே ஊர்க்காரர்கள். எல் ப்ரோப்லேமா, எல் தேமா, எல் சிஸ்தேமா, எல் ப்ரோக்ராமா, எல் க்ளீமா, எல் இதியோமா, எல் போயேமா. எல்லாம் மா என்று முடிகிறது, எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தவை. கிரேக்கத்தில் இவை ஆணும் இல்லை பெண்ணும் இல்லை; லத்தீனுக்கு வந்தபோதும் அப்படியே இருந்தன; ஸ்பானிஷில் அந்த மூன்றாவது பால் அழிந்தபோது ஆண்பால் பக்கம் சேர்ந்துவிட்டன. எப்படி அடையாளம் காண்பது? படித்தவர்கள் பேச்சில் வரும் சொல்லாக, ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே வடிவில் இருந்தால் (சிஸ்டம், பிராப்ளம், புரோகிராம், போயம்) எல் போடுங்கள். கட்டில், கிளை, புறா மாதிரி வீட்டுச் சொல்லாக இருந்தால் லா: லா காமா, லா ராமா, லா பாலோமா. நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் பரீட்சை பாஸாகலாம். இந்தக் கூட்டத்துக்கு வெளியே எல் தீயா என்ற நாள், எல் மாப்பா என்ற வரைபடம், எல் ப்ளானேத்தா என்ற கோள் மூன்றையும் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள். புவெனோஸ் தீயாஸ் என்று காலை வணக்கம் சொல்கிறீர்களே, அதில் புவெனாஸ் இல்லாமல் புவெனோஸ் என்று இருப்பதற்கு இந்த தீயா ஆண்பால் என்பதுதான் காரணம். மாலைக்கு புவெனாஸ் தார்தேஸ், இரவுக்கு புவெனாஸ் நோச்சேஸ். தார்தேவும் நோச்சேவும் பெண்பால்.

அடுத்து, நம்பிச் சாய்ந்துகொள்ளக் கூடிய ஈறுகள். சியோன், தாத் என்று முடிந்தால் லா: லா கான்சியோன், லா எஸ்தாசியோன், லா சியுதாத், லா உனிவெர்சிதாத். ஆஹே என்று முடிந்தால் எல்: எல் வியாஹே, எல் மென்சாஹே. ஓர் என்று முடிந்தால் எல்: எல் கோலோர், எல் ஆமோர், எல் தோலோர், பூவுக்கு லா ஃப்ளோர் மாதிரி ஒரு சிலதான் விலக்கு. வினையும் பெயரும் ஒட்டி ஒரு பொருளைக் குறிக்கும் கூட்டுச்சொல் பெரும்பாலும் எல்: குடைக்கு எல் பாராக்வாஸ், தண்ணீரை நிறுத்துவது என்று பொருள், வானளாவிய கட்டடத்துக்கு எல் ராஸ்காசியேலோஸ், வானத்தைச் சொறிவது. கிழமைகள், மாதங்கள், மொழிகள், ஆறுகள் ஆண்பால், தமிழும் எல் தாமில்தான். எழுத்துகளின் பெயர்கள் பெண்பால்.

மரமும் பழமும் ஒரு அழகான ஜோடி. பழம் பெண், மரம் ஆண்: லா நாராங்ஹா ஆரஞ்சுப் பழம், எல் நாராங்ஹோ ஆரஞ்சு மரம், லா மான்சானா ஆப்பிள், எல் மான்சானோ அதன் மரம். அத்திப்பழத்தில் தலைகீழ், பழம் எல் ஈகோ, மரம் லா இகேரா. இந்த நாராங்ஹா என்ற சொல் அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கி நடந்தால் நாரங்க என்று வரும். அதற்கும் மூலம் திராவிடச் சொல்தான் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள், நம் நாரத்தைக்கு உறவு.

ஏ என்று முடிகிற சொற்களில் விதி தேடாதீர்கள். எல் கோச்சே, லா நோச்சே, லா லேச்சே, எல் புவெந்தே, லா காய்யே, லா சாங்க்ரே, எல் நோம்ப்ரே. இங்கேதான் நான் சொன்ன ஒட்டிப் படிக்கும் முறை கைகொடுக்கும். பால் வாங்கும்போது எல் லேச்சே என்று சொல்வது நம் எல்லோருடைய முதல் தப்பு. தமிழில் சொன்னால் பாலின் பால் பெண்பால், இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல் ஆக்வா. இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஒரு பெட்டிக்குள் இரண்டு வரியில் வரும், காதுக்கு நன்றாக இருப்பதற்காக எல் போடுகிறார்கள் என்று முடித்துவிடுவார்கள். நடந்தது அதைவிட சுவாரஸ்யம். லத்தீனில் அந்த என்பதற்குப் பெண்பாலில் இல்லா என்றொரு சொல் இருந்தது. அதுதான் தேய்ந்து பழைய ஸ்பானிஷில் ஏலா ஆனது. மெய்யெழுத்துக்கு முன்னால் வந்தபோது தலை உதிர்ந்து லா ஆனது: ஏலா மேசா, லா மேசா. உயிரெழுத்துக்கு முன்னால் வந்தபோது வால் உதிர்ந்து எல் ஆனது: ஏலா ஆக்வா, எல் ஆக்வா. காடு என்பதோடு எல்லாம் சேர்ந்தால் உகரம் ஓடிப்போய்க் காடெல்லாம் ஆகிறதே, அதே புணர்ச்சி. ஆக, எல் ஆக்வாவில் இருக்கும் எல் ஆண்பால் எல் இல்லை, வால் வெட்டுப்பட்ட பெண்பால். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்.

இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாக விழும். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்பது எல் ஆக்வா எஸ்தா ஃப்ரீயா, ஃப்ரீயோ இல்லை, ஏனென்றால் ஆக்வா எப்போதும் பெண்தான். பன்மையில் லாஸ் ஆக்வாஸ், நடுவில் ஸ் வந்துவிட்டதால் உயிரும் உயிரும் மோதவில்லை. நடுவில் வேறு சொல் வந்தாலும் லா திரும்பிவிடும், லா மீஸ்மா ஆக்வா, அதே தண்ணீர். இந்தத் தண்ணீர் என்பதற்கு எஸ்தா ஆக்வா. எஸ்தே ஆக்வா என்று ஸ்பானிஷ்காரர்களே தப்பாகச் சொல்வதைக் கேட்பீர்கள், நீங்கள் தப்பில்லாமல் சொல்லி அவர்களை மடக்கலாம். இது ஆ ஒலியில் தொடங்கி அந்த ஆ-வின் மீதே அழுத்தம் விழும் பெண்பால் சொற்களுக்கு மட்டும்: எல் ஆகிலா கழுகு, எல் ஆல்மா உயிர், எல் ஆம்ப்ரே பசி. பசியில் எழுத்துப்படி முன்னால் ஒரு ஹ உண்டு, வாயில் வராது, அதனால் கணக்கில் இல்லை. அழுத்தம் வேறு இடத்தில் விழுந்தால் சாதாரண லாதான்: தோழி, லா அமீகா.

பன்மை இதோடு ஒப்பிட்டால் விடுமுறை நாள். உயிரில் முடிந்தால் ஸ், மெய்யில் முடிந்தால் எஸ்: காசாஸ், லீப்ரோஸ், ஃப்ளோரெஸ், சியுதாதெஸ். இஸட் எழுத்தில் முடிந்தால் எழுதும்போது அது சி ஆக மாறும், லூஸ் என்ற வெளிச்சம் லூசெஸ். ஏற்கெனவே ஸ்-ல் முடிந்து கடைசி அசையில் அழுத்தம் இல்லாத சொல் அசையாது, ஆர்ட்டிக்கிள் மட்டும்தான் மாறும்: எல் பாராக்வாஸ், லோஸ் பாராக்வாஸ், லா க்ரீசிஸ், லாஸ் க்ரீசிஸ். கிழமையில் இது ரொம்ப வசதி, எல் லூனெஸ் என்றால் வருகிற திங்கட்கிழமை, லோஸ் லூனெஸ் என்றால் திங்கள்தோறும். எழுத்தின் மேல் போடும் சாய்கோடு சில சொற்களில் பன்மையில் மறையும், கான்சியோன் கான்சியோனெஸ் ஆகும்போது மாதிரி. சிலவற்றில் புதிதாக முளைக்கும், ஹோவென் ஹோவெனெஸ் ஆகும்போது மாதிரி. அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைக் காட்டுவதற்குக் கோடு தேவையா இல்லையா என்பதுதான் மாறுகிறது.

நம் ஆட்கள் பன்மையில் தவறுவது விதியில் இல்லை, பழக்கத்தில். மூன்று புத்தகம் வாங்கினேன் என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், மூன்று என்று சொன்ன பிறகு கள் எதற்கு என்று விட்டுவிடுவோம். ஸ்பானிஷில் விட முடியாது, த்ரெஸ் லீப்ரோஸ்தான். நேர்மாறாக, லா ஹெந்தே, ஜனங்கள், ஒருமை. கூட்டம் வந்தது என்று நாம் சொல்வது போல. அப்புறம் நமக்கிருக்கிற பலர்பால் அங்கே இல்லை. நம் அவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்காது. அங்கே தொண்ணூற்றொன்பது சிறுமிகளோடு ஒரு சிறுவன் வந்து நின்றால் இலக்கணப்படி லோஸ் நீஞோஸ். அதனால்தான் லோஸ் பாத்ரேஸ் என்றால் அப்பாக்கள் மட்டும் இல்லை, அம்மா அப்பா இருவரும். லோஸ் எர்மானோஸ் என்றால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும். அண்ணனா தம்பியா என்று அந்த மொழி கேட்பதே இல்லை, லீமாவில் எனக்கு எத்தனை எர்மானோஸ் என்று கேட்டபோதெல்லாம் பதில் அரைகுறையாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இனி ஆர்ட்டிக்கிளை எங்கே போடுவது, எங்கே விடுவது. இங்கே ஆங்கிலத்தை நினைத்தால் வழுக்கும். எனக்குக் காபி பிடிக்கும் என்பது மே கூஸ்தா எல் காஃபே. பொதுவாகக் காபி என்ற பொருளையே சொல்லும்போது எல் வேண்டும். ஆனால் காபி குடிக்கிறேன் என்பது தோமோ காஃபே, எல் இல்லை, ஏனென்றால் உலகத்துக் காபி எல்லாவற்றையும் நான் குடிக்கவில்லை, கொஞ்சம் காபி. மே கூஸ்தா என்பதன் அமைப்பையும் ஒரு நிமிடம் பாருங்கள்: மே என்றால் எனக்கு, கூஸ்தா என்றால் பிடிக்கும். எனக்குத் தலை வலிக்கிறது என்பது மே துவேலே லா காபேசா: எனக்கு, வலிக்கிறது, தலை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இதற்கு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், என் தலை என்று சொல்ல வேண்டாமா என்று கேட்பார்கள். எனக்கு என்று சொன்ன பிறகு என் எதற்கு? தமிழுக்கும் வேண்டாம், ஸ்பானிஷுக்கும் வேண்டாம், அந்த இடத்தில் லா மட்டும் போதும்.

மணி சொல்லும்போது லா, லாஸ்: எஸ் லா ஊனா ஒரு மணி, சோன் லாஸ் தோஸ் இரண்டு மணி. அந்த லா யாருக்கு என்றால் சொல்லாமல் விட்ட ஓரா என்ற பெண்பால் சொல்லுக்கு, அதாவது மணி நேரம். பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை பார்க்கிறோமே, அந்த ஓரையும் இந்த ஓராவும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டு திசையில் போனவை. மரியாதைப் பெயருக்கு முன்னால் எல் செஞோர் கார்சியா என்று அவரைப் பற்றிப் பேசும்போது எல் வரும், அவரிடமே பேசும்போது வராது. இந்தியாவை லா இந்தியா என்பார்கள், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டால் சோய் தே லா இந்தியா. தே என்பதோடு எல் சேர்ந்தால் தெல், ஆ என்பதோடு எல் சேர்ந்தால் ஆல். வேறு எந்த ஆர்ட்டிக்கிளும் இப்படி ஒட்டாது. எல் சால்வதோர் மாதிரி பெயரிலேயே எல் இருந்தால் எழுத்தில் ஒட்டக்கூடாது.

ஐந்தாவதாக லோ என்று ஒன்று இருக்கிறது, ஆரம்பப் பாடத்தில் தள்ளிவைத்துவிடுவார்கள். தமிழருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்பேன். லோ என்பது அழிந்துபோன மூன்றாம் பாலின் மிச்சம், கிட்டத்தட்ட நம் அது. லோ புவேனோ, நல்லது. லோ இம்போர்த்தாந்தே, முக்கியமானது. இதற்கு மேல் ஒரு படி போய்ப் பாருங்கள்: எல் கே வியேனே, வருகிறவன், லா கே வியேனே, வருகிறவள், லோஸ் கே வியேனென், வருகிறவர்கள், லோ கே வியேனே, வருவது. வினையாலணையும் பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதன் ஈறுகளை எடுத்து முன்னால் வைத்தது போல இருக்கும். நீ சொல்வது என்பது லோ கே தீசெஸ். எனக்கு இது விளங்கிய அன்று இரவு தூக்கம் வரவில்லை, ஐந்தாறு பக்கம் இப்படியே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில சொற்களுக்கு இரண்டு பாலும் உண்டு, பொருள் மாறும். லா காப்பித்தால் தலைநகரம், எல் காப்பித்தால் மூலதனம். எல் ஓர்தென் ஒழுங்கு, லா ஓர்தென் கட்டளை. எல் கூரா பாதிரியார், லா கூரா சிகிச்சை. எல் கோமேத்தா வால்நட்சத்திரம், லா கோமேத்தா பட்டம், அதாவது காற்றில் விடுவது. பொருள் மாறாமலே இரண்டு பாலும் வருவதற்குக் கடல்தான் நல்ல உதாரணம். பொதுவில் எல் மார். ஆனால் கடலோடு பிழைக்கிற மீனவர்களும் மாலுமிகளும் லா மார் என்பார்கள். நம் மீனவர்கள் கடலம்மா என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. வாணலிக்கு ஸ்பெயினில் லா சார்த்தென், மெக்சிகோவில் எல் சார்த்தென் என்று பரவலாகக் கேட்கலாம், அதில் சண்டை போடாதீர்கள், எந்த ஊரில் சமைக்கிறீர்களோ அந்த ஊர்ப் பால்.

தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, புரிந்துகொள்வார்கள். எனக்கு ஒருமுறை ஆனது. உருளைக்கிழங்குக்கு லத்தீன் அமெரிக்காவில் லா பாப்பா, கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல். லீமாவில் ஒரு சந்தையில் மஞ்சள் உருளை குவித்து வைத்திருந்த அம்மாவிடம், விலை கேட்பதற்கு வாக்கியத்தை மனதுக்குள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, எல் பாப்பா என்ன விலை என்று கேட்டேன். எல் பாப்பா என்றால் போப்பாண்டவர். அந்த அம்மா தராசிலிருந்து கையை எடுக்காமல், எல் பாப்பா ரோமில் இருக்கிறார், காசெரீத்தோ, இங்கே இருப்பது லா பாப்பா என்றார். காசெரீத்தோ என்பது அங்கே சந்தையில் வாடிக்கையாளரைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். பக்கத்துக் கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன், இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.